இரண்டு முழ மண்

எதையும் கண்டு வாயைப் பிளக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. கல்யாணம் முடிந்து யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு ரயிலில் வந்தபோது, ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர் விரிந்து கிடந்ததைப் பார்க்கப் பெட்டியிலிருந்த சனம் முழுவதும் ஜன்னலுக்கு ஓடியது. நான் மடியிலிருந்த இடியப்பத் தட்டுகள் சரிந்துவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் எங்கேயும் போய்விடாது, தட்டுகள் உடைந்தால் வேறு வாங்க முடியாது என்பது என் கணக்கு. அப்படிப்பட்ட நான் ஒரு மண்மேட்டுக்கு முன்னால் பேச்சு மூச்சில்லாமல் நின்றிருக்கிறேன். அதுவும் நானே திருடித் தின்ற மேடு.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் றோட்டில் பஸ்ஸால் இறங்கி, காட்டுப் பாதையால் நடந்து போனால் ஒரு குளமும் அதற்குக் கீழே புதிதாக வெட்டிய குடியேற்றத் திட்டமும் வரும். யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்புக் காணிக்கு அண்ணன் தம்பி வழக்காடிக்கொண்டிருந்த காலம். இங்கே அரசாங்கம் பெர்மிற்றில் வயலும் மேட்டுக்காணியும் கொடுத்தது. எங்களுக்குக் கிடைத்தது வாய்க்காலின் கடைசியில் இருந்த கடைசிக் காணி. அதன் எல்லையில், எங்கள் வயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்த மேடு நின்றது.

பெரிய சண்டைக் காலத்தில் அந்தப் பக்கத்துக் காட்டை வெட்டி வெளியாக்கிப் பிளேன் இறக்கியிருக்கிறார்கள். பிளேனில் பூட்டிய துவக்குகள் நேராகச் சுடுகின்றனவா என்று பார்க்க, பிளேனை நிலத்தில் நிறுத்தி வைத்தபடியே சுட்டுப் பார்ப்பார்களாம். அந்தக் குண்டுகளையெல்லாம் வாங்கிக்கொள்வதற்காகக் குவித்த மண்தான் அது. அரைத் தென்னை உயரம் இருக்கும். நீளம் நாற்பது காலடி. முகம் வெளியைப் பார்த்தபடி, முதுகு எங்கள் வயலைப் பார்த்தபடி. முதுகின் அடியோடு எங்கள் வாய்க்கால் ஓடியது.

என் மனிசனுக்கு அந்த மேட்டைக் கண்டதும் வாயெல்லாம் பல்.

"சோளகக் காத்து நெல்லைச் சாய்க்காது. ஆரும் காசு குடுத்துக் கட்டுவிச்சாலும் இப்பிடி ஒரு மறைப்புக் கிடைக்காது" என்றார்.

"மண் கும்பி ஒண்டுக்கு ஏன் இவ்வளவு கதை" என்றேன் நான்.

வந்து ஒரு கிழமைக்குள் விறகு பொறுக்க மேட்டின் முன்பக்கம் போனேன். அங்கே ஒரு இரும்புத் தகடு பாதி புதைந்தபடி நின்றது. என் பெருவிரல் மொத்தம். அதில் பத்துப் பதினைந்து துளைகள். சின்னவிரலை ஒரு துளைக்குள் விட்டேன், விளிம்பு வழுவழுவென்று உள்ளே போய் மறுபக்கம் வெளியே வந்தது. கொல்லன் சூடாக்கி, சம்மட்டியால் அடித்து, வேர்த்து விறுவிறுத்துப் போடும் துளையை ஏதோ ஒன்று ஒரு நொடியில், பச்சை இரும்பில் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. தகட்டுக்குப் பின்னால் மேடு. அதில் புல்லும் ஒரு ஓணானும்.

விறகைப் போட்டுவிட்டு மேட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஒரு துளைகூட இல்லை. வாய்க்கால் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரும்பைத் துளைத்துக்கொண்டு வந்தது எதுவோ, அது இந்த மண்ணுக்குள் நுழைந்தது, வெளியே வரவில்லை. அன்று சோறு வடிக்கும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்து கஞ்சியைக் காலில் ஊற்றிக்கொண்டேன். ஆனால் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. கும்பி என்று சொன்ன வாயை உடனே மாற்ற எனக்கு வராது.

அந்த மார்கழியில் முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஒரு மாட்டு வண்டில் வந்தது. வேதக்காரக் குடும்பம், புருசனும் பெண்சாதியும். கடல் கொந்தளித்துத் தொழில் நிற்கும் மாதங்களில் அவர்கள் வருடாவருடம் இங்கே வந்து மேட்டின் முகத்தைத் தோண்டுவார்கள். தோண்டிய மண்ணை அரிதட்டில் போட்டு அரித்தால் குண்டுகள் மேலே நிற்கும். அவற்றிலிருக்கும் ஈயத்தை உருக்கி வலைக்கு மணி வார்ப்பார்கள். வலையின் கீழ்க் கயிற்றில் அந்த ஈயமணி இல்லாவிட்டால் வலை தண்ணீரில் நிற்காது. பிளேன் துவக்கால் சுட்ட ஈயம் முல்லைத்தீவில் மீன் பிடித்துக்கொண்டிருந்தது.

அந்த அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். கையில் ஒரு குண்டை எடுத்து, கல்லில் வைத்துத் தட்டி உரித்துக் காட்டினா. வெளியே செம்புபோல மெல்லிய தோல். அதற்குள் ஈயம். ஈயத்துக்குள் கறுத்த இரும்பு ஊசி ஒன்று, சின்னவிரல் நீளமும் வராது.

"எல்லாத்துக்கையும் இது இருக்காது. சிலதுக்கைதான். இரும்பைத் துளைக்கிறது இந்த ஊசிதானாம். எங்கட கொல்லன் அரத்தாலை உரஞ்சிப் பாத்தவன், அரம்தான் தேஞ்சுது. எங்களுக்கு இதாலை ஒரு பிரயோசனமுமில்லை. நீர் வைச்சிரும் தங்கச்சி" என்றா.

ஊசியின் கூர் மழுங்கியிருக்கவில்லை. வளையவுமில்லை. உடம்பில் ஒரு கீறல் இல்லை. தோற்றுப்போன மாதிரியே தெரியவில்லை. எங்கேயோ போகிற வழியில் களைத்துப் படுத்த மாதிரி இருந்தது. நான் அதைத் தேங்காய்க் கண் குத்துவதற்கு வைத்துக்கொண்டேன்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. தோண்டின குழியை மூடாமல் போகமாட்டார்கள். அரித்த மண்ணையெல்லாம் திரும்ப அள்ளிப் போட்டு, இரண்டு பேருமாக ஏறி நின்று மிதித்து, சிலுவை போட்டுவிட்டுத்தான் வண்டிலில் ஏறுவார்கள்.

"ஏனக்கா இந்த வீண் வேலை? அடுத்த வரியம் திரும்பக் கிண்டத்தானே போறியள்?" என்று கேட்டேன்.

"எடுத்த இடத்தை மூடாமல் விட்டா கடல் பாத்துக்கொண்டிருக்கும்."

"கடல் எங்க, இந்தக் காடு எங்க?"

"கடலுக்குக் கண் இருக்கு. உமக்குத்தான் இல்லை" என்று சிரித்தா.

நானும் சிரித்தேன். வண்டில் மறைந்ததும் கடகத்தை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன்.

என் நிலைமையையும் சொல்லவேண்டும். அப்போது எங்களுக்குக் குசினி இல்லை. நாலு கிடுகைச் சாத்தி அதற்குள் அடுப்பை வைத்துச் சமைத்தேன். மழைக்கு அடுப்பு அணையும், காற்றுக்குப் புகை முகத்தில் அடிக்கும், அவர் வயலால் வரும்போது சோறு பாதி வெந்திருக்கும். மண்ணால் நாலு சுவர் எழுப்பினால் போதும். ஆனால் எங்கள் காணி மண் சரளை. கைக்குள் நிற்காது. மேட்டிலோ அந்த முல்லைத்தீவுக் குடும்பம் அரித்துவிட்டுப் போன மண் கல்லே இல்லாமல் மாப்போலக் கிடந்தது. தண்ணீர் விட்டால் பிட்டு மாவுக்குப் பதம் பார்ப்பதுபோல உருண்டு நிற்கும். அப்படி ஒரு மண்ணை யார் விடுவார்கள்?

அவர் வயலுக்குப் போனதும் நான் மேட்டுக்குப் போவேன். முதலில் மூடிய குழி மண்ணை அள்ளினேன். அது முடிந்ததும் அதற்கு உள்ளே இருந்த மண் இன்னும் நன்றாக இருந்தது. அலவாங்கால் குத்தினால் கட்டி கட்டியாக வந்தது. நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு கடகம். ஒரு சுவர் முடிந்தது, இரண்டாவது முடிந்தது. நான் உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தேன். கடைசியில் குனிந்து நடந்து போய்த்தான் வெட்ட வேண்டியிருந்தது. நாலாவது சுவரின் கடைசிக் கடகத்தை வெட்டியபோது கையில் ஈரம் பட்டது. சித்திரை வெயிலில் எங்கும் காய்ந்து கிடக்க இங்கே மட்டும் எங்கால் ஈரம் என்று முகர்ந்து பார்த்தேன். வாய்க்கால் ஈரம். மறுபக்கத்து வாய்க்கால். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துக் காணி அதிகாரி சுற்றிப் பார்க்க வருகிறார் என்று கதை வந்தது. மேடு அரசாங்கத்தின் சொத்து. அதைக் குகையாக்கி வைத்திருப்பதைக் கண்டால் பெர்மிற்றையே வெட்டிவிடுவார்கள் என்று பயந்தேன். பொந்துக்குள் வைக்கோலையும் மணி பிடிக்காத சப்பி நெல்லையும் திணித்தேன். வாயில் தடிகளைக் குறுக்கும் மறுக்கும் கட்டி, களிமண்ணும் சாணமும் குழைத்து மேட்டின் சரிவுக்குச் சரியாகப் பூசினேன். மேலே புல்லும் பதித்தேன். மெழுகுவதில் என் கை பேர்போன கை. கோலம் போடாததுதான் குறை. அதிகாரி வந்தார், பார்த்தார், போனார்.

"குசினிக்கு மண் எங்காலை?" என்று என் மனிசன் ஒருமுறை கேட்டார்.

"அந்த அக்கா ஆக்கள் அரிச்சு விட்டதுதான்" என்றேன். பொய்யில்லை, பாதி உண்மை. அவர் புதுச் சுவரைத் தட்டிப் பார்த்து, "கெட்டிக்காரி" என்றார். நான் பூரித்துப் போனேன்.

அந்த வருடத்துச் சிறுபோகம். நெல் கதிர் உள்ளே கட்டுகிற குடலைப் பருவத்தில் நின்றது. ஒரு பகல் பட்டாளத்து லொறி ஒன்று அந்தப் பழைய வெளியில் வந்து நின்றது. இருபது பேரளவில் இறங்கினார்கள். அவர்களுக்கு ஒரு சார்ஜன். எங்கள் பக்கத்து ஆள்தான், சண்டைக் காலத்தில் எங்கோ பாலைவனத்தில் வேலை செய்துவிட்டு வந்தவர் என்று சொன்னார்கள். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது, நடை நரைக்கவில்லை. அடுத்த கிழமை முழுக்க இங்கே சுட்டுப் பழகப் போகிறோம், சண்டை முடிந்தபோது மிஞ்சிய குண்டுகளும் கொண்டு வருகிறோம், இரும்பு துளைக்கிற குண்டும் இருக்கிறது, சிவப்புக் கொடி ஏறினால் மத்தியானம் கொடி இறங்கும்வரை மேட்டுக்குப் பின்னால் வயலில் ஒருவரும் நிற்கக் கூடாது, தப்பிப் போகிறது மேட்டுக்கு மேலால் பறக்கும் என்று எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

பிறகு மேட்டின் முகத்தோடு ஒரு தடியால் தட்டித் தட்டி நடந்து வந்தார். சரியாக என் பூச்சுக்கு முன்னால் நின்றார். தட்டினார். வெயிலில் காய்ந்த களி சுவர்போலச் சத்தம் கொடுத்தது. 

"பாத்தீங்களே, ஒரு கல்லு இல்லை. கல்லு இருந்தாத்தான் குண்டு தெறிச்சுத் திரும்பும். இது வடிவான மேடு. இதிலேயே குறிப் பலகையை நிறுத்துங்கோ" என்று தன் ஆட்களிடம் சொன்னார்.

ஒரு புகழ்ச்சியைக் கேட்டு நான் பயந்தது அன்றுதான்.

அவர்கள் சுடத் தொடங்கும் நாளும் எங்கள் தண்ணீர் முறையும் ஒரே நாளில் விழுந்தன. குளத்துத் துருசுக் கதவு திறந்தால் ஒவ்வொரு காணிக்கும் முறை வைத்துத்தான் தண்ணீர் வரும். எங்களுடையது கடைசிக் காணி. எட்டு நாளுக்கு ஒருமுறை, அதுவும் காலையில் சில மணித்தியாலம். ஆள் நின்று வாய்க்காலை வெட்டிவிடாவிட்டால் தண்ணீர் கழிவு ஓடைக்குள் போய்விடும். அதற்கு முதல் நாள் பகல் குசினியில் சோறு போட்டுக்கொண்டே சொன்னேன்.

"நாளைக்கு வயலுக்குப் போக வேண்டாம்."

"குடலைக்குத் தண்ணி இல்லையெண்டா எல்லாம் சப்பிதான். இவ்வளவு நாள் பட்ட பாடு?"

"சார்ஜன் வயலுக்கை நிக்க வேண்டாமெண்டவர்."

"நான் வயலுக்கை நிக்கேல்லை. வாய்க்காலடியிலை, மேட்டோடை ஒட்டிக்கொண்டு குந்தியிருக்கப் போறன். மேலாலை போறது மேலாலை போகட்டும். அந்த மேட்டை என்னத்தாலையப்பா துளைக்கிறது? முன்பக்கத்து இரும்புத் தகட்டை நீரும் பாத்தனீர்தானே, அதைத் துளைச்சதே இதைத் துளைக்கேல்லை."

எங்கள் வயலுக்கு வாய்க்கால் பிரியும் இடம் என் பொந்துக்கு நேர் பின்னால். அந்த ஈரத்துக்கு மறுபக்கம். கையில் கரண்டியோடு நின்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன செய்வார்? என்னைத் திட்டத் தெரியாத மனிதர். ஆனால் அவர் சார்ஜனிடம் போவார், சார்ஜன் காணி அதிகாரியிடம் போவார், காணி போகும் என்று என் மனது வரிசையாக ஓடியது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. வெட்கம். கெட்டிக்காரி என்று சொன்ன மனிதரிடம் போய் நான் கள்ளி என்று சொல்ல நாக்கு எழவில்லை. கரண்டியில் இருந்ததை அவருக்குப் போட்டேன். அவர் சாப்பிட்டு எழும்பினார்.

மறுநாள் விடிய அவர் மண்வெட்டியோடு போய்விட்டார். சூரியன் ஏறியது. லொறி வந்த சத்தம் கேட்டது. குசினி வாசலில் நின்று பார்த்தேன், சிவப்புக் கொடி ஏறியது. மேட்டுக்கு ஒன்றும் நடக்காது என்று எனக்கு நானே சொன்னேன். எவ்வளவு பெரிய மேடு. வைக்கோலென்றாலும் எவ்வளவு வைக்கோல். தேங்காய் ஒன்றை எடுத்தேன், கை பழக்கத்தில் பறணில் இருந்த ஊசியை எடுத்தது. அப்போது "டொங்" என்று ஒரு சத்தம். அவர்கள் முதலில் அந்த இரும்புத் தகட்டில் சுட்டுப் பார்க்கிறார்கள். ஊசியின் கூரைப் பார்த்தேன். தேங்காயைப் போட்டுவிட்டு ஓடினேன்.

கராம்பை முள்ளுக்குள்ளால், சேலை கிழியக் கிழிய, மேட்டைச் சுற்றிக்கொண்டு வெளிக்குள் ஓடினேன். ஆட்கள் வரிசையாகக் குப்புறப் படுத்திருந்தார்கள். துவக்கெல்லாம் என் பூச்சைப் பார்த்தபடி.

"நில்! ஆரது? நில்!" என்று சார்ஜன் கத்திய கத்தலில் காகமெல்லாம் எழும்பியது. எனக்கு நிற்க வரவில்லை. அவருக்கு முன்னால் போய்த்தான் நின்றேன்.

"சுட வேண்டாம். அந்த மேட்டுக்கை மண் இல்லை."

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய்?"

"வைக்கோல்தான் இருக்கு. நான்தான் அடைஞ்சு பூசினனான். பின்னாலை என்ரை மனிசன் இருக்கிறார்."

அவர் என்னைப் பார்த்தார். என் கையில் இன்னும் அந்த ஊசி இருந்தது. அதையும் பார்த்தார். பிறகு லொறியிலிருந்து அலவாங்கை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். முந்தின கிழமை தட்டிப் பார்த்துப் புகழ்ந்த இடத்தில் அலவாங்கை ஓங்கிக் குத்தினார். அது முழு நீளமும் உள்ளே போய், அவரும் நெஞ்சு இடிபடப் பூச்சில் மோதினார். பூச்சு பிளந்து வைக்கோல் அவர் முகத்தில் கொட்டியது.

அவர் திட்டுவார் என்று நின்றேன். அவர் வைக்கோலைப் பிடுங்கத் தொடங்கினார். நானும் பிடுங்கினேன். வழி கிடைத்ததும் நான்தான் உள்ளே புகுந்தேன், அவர் உயரத்துக்கு முடியாது. பொந்தின் கடைசிக்குப் போய் அந்த ஈர மண்ணில் கையை வைத்தேன். மறுபக்கத்தில் என் மனிசன் இருமினார். பக்கத்து அறையில் இருமினதுபோல அவ்வளவு தெளிவாகக் கேட்டது. என் கைக்கும் அவர் முதுகுக்கும் நடுவில் இருந்ததைத் தவிர அந்த இடத்தில் அவரை மறைக்க வேறு மண் இல்லை. அந்த இடத்திலேயே இருந்து அழுதேன்.

அவரைக் கூப்பிட்டு வந்தார்கள். முழங்கால் மட்டும் சேறு, தோளில் மண்வெட்டி.

"என்ன, வெடி முடிஞ்சுதே? தண்ணி வயலுக்கை ஏறிட்டுது" என்றார் சந்தோசமாக. பிறகு பொந்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல மெல்லப் போனது.

சார்ஜன் மூச்சை இழுத்துவிட்டார்.

"காணி அதிகாரிக்கு நான் சொல்லப் போறேல்லை. சொன்னா எனக்கும் வெட்கம், நான்தானே தட்டிப் பாத்துச் சரியெண்டனான். இந்த மண் இப்ப எங்க?"

"குசினியா நிக்குது."

"அப்ப குசினி இஞ்ச வரவேணும். முழுக்க."

முதல் அடியை நான்தான் அடித்தேன். வேறு யாரும் என் குசினியை உடைப்பதைப் பார்க்க என்னால் முடியாது. என் மனிசன் கிடுகுக் கூரையைப் பிரித்தார், நான் சுவரைச் சரித்தேன். பட்டாளத்தார் வந்து கட்டிகளைச் சாக்கில் தூக்கிப் போனார்கள். மூன்று நாள் அவர்கள் சூடு பழகவில்லை, மண் சுமந்தார்கள். சார்ஜன் குளக்கட்டுக்கு மண் போடுவதுபோலப் போடச் சொன்னார். ஒரு சாண் மண், அதற்குத் தண்ணீர் தெளி, மரக்குற்றியால் இடி, பிறகு அடுத்த சாண். கல் கண்டால் எடுத்து எறி. அடுப்பு இருந்த பக்கத்துச் சுவர் உட்புறம் முழுக்கப் புகை பிடித்துக் கறுத்திருந்தது. அந்த மண் கடைசியில் முகத்துக்கு வந்தது. அந்த மூன்று நாளும் என் மனிசன் என்னோடு இரண்டு சொல்லுக்கு மேல் பேசவில்லை. மரத்தடியில் மூன்று கல் வைத்துச் சமைத்துக் கொடுத்தேன், சாப்பிட்டார்.

நாலாம் நாள் கொடி ஏறுவதற்கு முன் சார்ஜன் எங்களைத் தானே கூப்பிட்டார். "பின்னுக்கு நிண்டு பாருங்கோ. உங்கட மண் என்ன செய்யுதெண்டு தெரியவேணும்" என்றார். மேட்டுக்கு முன்னால் மூன்று குறி வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் பழைய இரும்புத் தகடு. பக்கத்தில் ஆள் கட்டிப்பிடிக்கிற மொத்தத்தில் ஒரு பனங்குற்றி. மற்றப் பக்கம் ஒன்றுமில்லை, மேட்டில் ஒட்டிய ஒரு கடதாசி மட்டும்.

ஒரே துவக்கு, ஒரே ஆள், ஒரே மாதிரிக் குண்டு. முதல் வெடிக்குத் தகடு மணிபோல அடித்தது. போய்ப் பார்த்தோம், புதுத் துளை, விளிம்பு சுட்டுக்கொண்டிருந்தது. இரண்டாவது பனைக்கு. வைரம் பாய்ந்த பனை, கோடரி திரும்பும் பனை. இந்தப் பக்கத்தில் ஒரு சிறு புள்ளி, அந்தப் பக்கத்தில் நார் நாராகப் பிய்ந்திருந்தது. மூன்றாவது வெடிக்கு ஒரு சத்தமும் இல்லை. மண்ணிலிருந்து ஒரு துளி தூசி எழும்பியது, அவ்வளவுதான். நான் எதையோ தவறவிட்டுவிட்டேன் என்று நினைத்து அவர்களைப் பார்த்தேன்.

"சுட்டாச்சு" என்றார் சார்ஜன்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இரும்பு கத்தியது, பனை பிய்ந்தது, என் அடுப்படிச் சுவர் ஒரு சொல்லும் சொல்லாமல் வாங்கிக்கொண்டது. கையால் கசக்கினால் உதிரும் மண். நான் கடகத்தில் அள்ளின மண். அதற்குள் அப்படி ஒரு பலம் படுத்துக் கிடந்ததை அறியாமல் அதன்மேல் சாணம் மெழுகி, உப்புச் சிரட்டை தொங்கவிட்டிருந்தேன்.

"எப்பிடி இது?" என்று நான் கேட்டது எனக்கே கேட்கவில்லை.

"இரும்பு எதிர்த்து நிக்கும் பிள்ளை. அதுக்கெண்டு செய்த கூர் ஒரே இடத்திலை குத்தி வழி எடுத்திடும். மண் எதிர்க்காது, விலகிக் குடுக்கும். விலகிற ஒவ்வொரு மணியும் கொஞ்ச வேகத்தைப் பறிச்சுப் பக்கத்து மணிக்குக் குடுத்திடும். போகப் போகக் குண்டும் நேராப் போகாது, சரிஞ்சு திரும்பும். அதுக்குப் பிறகு கூர் இருந்தென்ன, இல்லாட்டியென்ன? ஆனா ஒண்டு, அதுக்கு ஆழம் வேணும். ஆழமில்லாத மண் மண்ணே இல்லை."

கொடி இறங்கியதும் கடதாசி ஒட்டிய இடத்தைத் தோண்டும்படி எனக்கே சொன்னார். அலவாங்கை வாங்காமல் கையாலும் அகப்பையாலும் தோண்டினேன். அந்தத் துளை விரல் மொத்தத்தில் நேராகப் போனது, பிறகு அகன்றது, பிறகு ஒரு பக்கமாக வளைந்தது. வழியில் செம்புத் தோல் கிடந்தது, பிறகு நசுங்கிய ஈயம். தோளளவுக்குக் கையை விட்டும் ஊசி அகப்படவில்லை. இன்னும் வாயை அகட்டி உள்ளே தோண்டினேன். கடைசியில் விரலில் பட்டது. குறுக்காகத் திரும்பிப் படுத்திருந்தது, கூர் எங்கள் வயலைப் பார்க்காமல் முல்லைத்தீவுப் பக்கத்தைப் பார்த்தபடி. எடுத்தபோது சூடு இருந்ததாகத்தான் ஞாபகம். அதில் கறுப்பாய் ஒட்டியிருந்ததை ஊதினேன், போகவில்லை. அது என் அடுப்புக் கரி.

என் மனிசன் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு சார்ஜனிடம் கொடுத்துவிட்டுத் துளைக்கு முன்னால் குந்தினார். வலது கையை உள்ளே விட்டார். விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் போனது. ஒரு முழம். அந்த இடத்தை மற்றக் கையால் குறித்துக்கொண்டு இன்னும் உள்ளே விட்டார். இரண்டாவது முழம் முடியுமுன் ஊசி கிடந்த குழி வந்தது. எழும்பாமல் அப்படியே இருந்தபடி, மூன்று நாளுக்குப் பிறகு என்னோடு முழுதாக ஒரு வசனம் பேசினார்.

"நீர் எனக்கு எவ்வளவு விட்டு வைச்சிருந்தனீர்?"

பொந்தை மூடத் தொடங்குமுன், அதன் கடைசியில், அந்த ஈரத்தில், சார்ஜன் மறுபக்கத்திலிருந்து அலவாங்கை விட்டு அளந்தபோது நான் உள்ளே இருந்தேன். இழுத்தெடுத்த அலவாங்கில் ஈர மண் ஒட்டியிருந்த நீளத்தோடு கையை வைத்துப் பார்த்தவள் நான்தான். பொய் சொல்ல இனி என்ன இருக்கிறது? என் கையை மடக்கி அவருக்கு முன்னால் நீட்டினேன், முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும்.

அவர் தன் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்து ஒட்டிப் பார்த்தார். என் முழம் அவருடையதைவிட நாலு விரல் குறைவு.